பிணியும் பழியும்

உயிர்கட்கு உடம்பு இறைவன் கருணையால் உதவப்பட்ட கருவி என்பது சைவசித்தாந்தத்தின் துணிபு. கருவி எத்துணைச் சிறந்ததாயினும் பழுதுறுதலும் தேய்தலும் அதற்கு இயல்பேயாம். இவ்வியல்பை வகுப்பறையில் நின்று மாணாக்கர்க்கு எடுத்தோதுதல் நமக்கு எளிது. தன் உடம்பிலே கொடும்பிணி ஒன்று உளதென்று வைத்தியர் வாயால் முதன்முதற் கேட்ட ஒருத்தி அதனை உள்ளத்தால் ஏற்றுக்கோடலோ மிக அரிது. அவ்வரிய நிலையில் நிற்பார்க்கு நம் சமயம் யாது சொல்லுகின்றது, அச்சமயத்தைக் கற்பிக்கும் ஆசிரியராகிய நாம் யாது செய்யக் கடவேம் என்பவற்றை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஈண்டு எடுத்துக்கொண்ட பிணி கருப்பைக் கழுத்திலே தோன்றும் புற்றுநோய். இது பெண்டிர் தம்முள் மாத்திரம் பேசற்பாலது, சமய ஏட்டில் எழுதற்பாலதன்று என்று அன்பர் சிலர் கருதக்கூடும். பேசாமையால் விளைந்த கேட்டினை அறிந்தோர் அங்ஙனம் கருதார். பிற புற்றுநோய்கள் பலவற்றினும் இந்நோய் முன்னறிந்து தடுத்தற்கு எளிதாயிருந்தும், காலந்தாழ்த்து வைத்தியசாலை செல்லும் தாய்மார் இன்னும் உளர். அத்தாழ்ப்புக்குக் காரணம் மருந்தின்மையன்று. நாணமும், அச்சமும், ஊரார் உரைக்கும் பழிச்சொல்லுமேயாம். பழிச்சொல்லுக்கு நம் சமயக் கொள்கையே சான்றாகக் காட்டப்படுங்கால் சைவ ஆசிரியர் வாளாவிருத்தல் தகாது.

இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தோட்டங்களிலே பெண்கள் வைகறையில் எழுந்து, சமைத்து, பிள்ளைகளைப் பிள்ளை மடுவத்திற் சேர்த்து, இறப்பர் மரங்களிற் பால் வெட்டவும் தேயிலை மலைகளிற் கொழுந்து பறிக்கவும் செல்வர். ஒருநாள் வைத்தியசாலைக்குப் போயின் ஒருநாட் பேர் விழாது. இடுப்புவலியும் சோர்வும் உழைப்பின் கூலியென்றே எண்ணிப் பொறுத்துக்கொள்வர். இத்தகையாருள் கேகாலை மாவட்டத்துத் தாயொருத்தியை யான் அறிவேன். வயது 45. நோவென்று ஒன்றும் இலள். மருத்துவமாது வற்புறுத்தியமையால் கிளினிக்கிற்குச் சென்று பரிசோதனை செய்வித்தாள். சின்னாளில் மறுபடியும் அழைத்தனர். சிறிது தசை எடுத்து ஆராய்ந்தனர். புற்றுநோய் தொடக்க நிலையில் உளதென்றும், கருப்பையை எடுத்துவிட வேண்டுமென்றும் சொல்லி நாளும் குறித்தனர்.

அவள் வீடு திரும்பியபின் மூவர் மூன்று சொன்னார்கள். மாமியார், “எந்த ஜென்மத்துப் பாவமோ” என்றார். அயல் லயத்து முதியவர், விதி வழி வந்ததைக் கத்தியால் அறுத்தெறிய முடியுமோ என்றார். கணவரோ ஒன்றும் உரையாது வாயிலில் அமர்ந்திருந்தார். மகளின் படிப்பைப்பற்றிப் பேச வந்த இடத்தில் அவள் என்னை நோக்கி, “மாஸ்டர், நான் யாருக்கு என்ன கெடுதல் செஞ்சேன்? அதையும் எடுத்துட்டா நான் ஒரு பொம்பளையா?” என்று வினவினாள். அவ்வீட்டில் எழுந்த சொற்களுள்ளே மூன்று கடாக்கள் அடங்கியுள்ளன. நோயுற்றாள் குற்றமுடையளோ என்பது ஒன்று. சிகிச்சை வினைக்கு மாறோ என்பது மற்றொன்று. கருப்பை நீங்கிற் பெண்மை நீங்குமோ என்பது மூன்றாவது. இவற்றை முறையே ஆராய்வாம்.

பிணியின் இயல்பு

முதற்கண் பிணியின் இயல்பை அறிதல் வேண்டும். நோயையும் அதன் முதற்காரணத்தையும் நாடியறிந்தே மருத்துவஞ் செய்க என்று வள்ளுவனாரும் விதித்தாராகலின். இந்நோய்க்கு மூலம் எச்.பி.வி. எனப்படும் ஒருவகை வைரசுக் கிருமி. இதனை ஆராய்ந்து நாட்டிய ஜெர்மானிய அறிஞர் ஹரால்ட் ட்சூர் ஹவுசன் என்பார்க்கு 2008இல் நோபெல் பரிசு அளிக்கப்பட்டது. அக்கிருமியின் வகை பல. அவற்றுள் 16, 18 என எண்ணிட்ட இரண்டுமே இப்புற்றுநோயின் பெரும்பகுதிக்குக் காரணமானவை.

ஆண் பெண் உறவினால் தொற்றும் இக்கிருமி உலகில் மிகப் பரவலானது. இல்லறத்தாருட் பெரும்பாலோரை வாழ்நாளில் ஒருகாலேனும் இது தொற்றுகின்றது. தொற்றினாருட் பெரும்பாலார்க்கு ஓரிரண்டு ஆண்டுக்குள் உடம்பின் எதிர்ப்பாற்றலால் தானே நீங்கிவிடும். நீங்காது தங்கிய சிலரிடத்தே மாத்திரம் கருப்பைக் கழுத்தின் உயிரணுக்கள் மெல்ல மெல்லத் திரிந்து, பெரும்பான்மையும் 15 அல்லது 20 ஆண்டு கழிந்தபின் புற்றாக மாறுகின்றன. தொடக்கத்தில் நோவில்லை; குறியும் இல்லை. நோய் முற்றியபின்னரே காலமல்லாக் காலத்து உதிரப்போக்கும், மாதவிடாய் முற்றும் நின்றபின் உதிரங் காண்டலும், தீநாற்றமுடைய நீரொழுக்கும், இடுப்புவலியும் தோன்றும். ஆதலால், ஒன்றும் நோகவில்லையே, எனக்கு எங்ஙனம் நோய் என்று அத்தாய் திகைத்ததில் வியப்பில்லை. நோவதற்கு முன்னரே கண்டறியப்பட்டமையே அவள் பெற்ற பேறு.

இங்ஙனம் முன்னறியும் வழியைக் கண்டவர் கிரேக்க நாட்டிற் பிறந்து அமெரிக்காவில் ஆராய்ச்சி செய்த பாப்பனிக்கோலாவு என்னும் மருத்துவர். 1928இல் அவர் தம் கருத்தை முதன்முதல் வெளியிட்டபோது மதிப்பாரிலர். 1943இல் டிராவுட் என்பாருடன் சேர்ந்து எழுதிய நூலே அதனை நிலைநாட்டிற்று. அவர்தம் மனைவியார் பல்லாண்டு தம் உடம்பினின்றே பரிசோதனைப் பொருளை உதவினார். இற்றைநாளில் ‘பாப்’ பரிசோதனை என வழங்குவது அக்கணவன் மனைவியர் இருவர்தம் உழைப்பின் பயனாகும். நம் நாட்டில் 1996 முதல் நிறுவப்பட்ட சுவநாரி கிளினிக்குகளில் இப்பரிசோதனை கட்டணமின்றிச் செய்யப்பட்டு வருகின்றது. 35 வயதினரும் 45 வயதினரும் இதற்கெனச் சிறப்பாக அழைக்கப்படுகின்றனர்.

முதற் கடா: நோயுற்றாள் குற்றமுடையளோ?

இன்பதுன்பங்கள் வினைப்பயன் என்பது நம் சமயத்திற்கு உடம்பாடு. அதனை மறுத்துரைத்தல் எம் கருத்தன்று. ஆயின் அக்கொள்கையைக் கொண்டு ஒருவன் மற்றொருத்தியைச் சுட்டி, நீ பாவி என்று உரைக்க உரிமை பெறுவனோ என்பதே ஈண்டு ஆராயற்பாலது. பெறான் என்பது கொள்கையினின்றே பெறப்படும். எங்ஙனமெனின், வினைகள் சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என மூவகைப்படும். இவ்வுடம்போடு நுகரப்படுவது பிராரத்தம். அஃது எண்ணிறந்த பிறவிகளில் ஈட்டியவற்றுள் இப்பிறப்பின் நுகர்ச்சிக்கு வந்த பகுதி. எவ்வினை எப்பயனை எக்காலத்து ஊட்டும் என்பதை அறிந்து கூட்டுபவன் முற்றறிவினனாகிய சிவன் ஒருவனே. உயிர்களோ சிற்றறிவின. ஆகவே, இன்ன நோய் இன்ன தீவினையால் வந்தது என்று அயலாரைக் குறித்துத் துணிந்துரைப்பவன், சமயக் கொள்கையைச் சொல்பவனல்லன்; இறைவனுக்கே உரிய அறிவைத் தனக்கு ஏற்றிக்கொள்பவனாவான்.

திருநாவுக்கரசர் வரலாறு இதனை வலியுறுத்தும். சூலைநோய் குடரைத் தாக்க, அவர் திருவதிகையை அடைந்து பாடிய முதற் பதிகத்தின் தொடக்கத்திலேயே, தாம் செய்த கொடுமைகளைத் தாமே அறியாமையை இறைவன்முன் முறையிட்டார். தம் நோய்க்கு மூலமான வினை இன்னதென்று அப்பெருந்தகையே அறிந்திலர் எனின், லயத்துத் திண்ணையிலிருந்து பேசுவோர் பிறள் வினையை அறிந்தது எவ்வாறு?

அவர்தம் தமக்கையார் திலகவதியாரின் செயலும் நோக்கற்பாலது. தம்பியார் தம்மை நீங்கிப் புறச்சமயம் புகுந்தவர். நோயுற்றுத் திரும்பி வந்து அடியில் வீழ்ந்தபோது, நீ செய்ததன் பயனை நீ அனுபவி என்று சொல்லுதற்கு அவ்வம்மையார்க்குக் காரணம் இருந்தது, சொல்லினார் அல்லர். எடுத்து ஆதரித்து, திருநீறளித்து, உடன் அழைத்துத் திருக்கோயிலுட் புகுந்தார். வினைக்கொள்கையை முற்ற உணர்ந்தவர் நோயாளியிடத்து நடந்துகொள்ளும் முறை அதுவேயாம்.

மிஷன் பாடசாலையிற் பயின்ற காலத்து யாம் கற்ற விவிலியத்திலும் இதனையொத்த கதையொன்று உண்டு. யோபு என்னும் நல்லவன் செல்வமும் மக்களும் இழந்து நோயுற்றுக் கிடந்தபோது, நண்பர் மூவர் வந்து அவன்மீது பாவத்தைச் சுமத்தினர். ஈற்றில் இறைவன் வெகுண்டது அந்நண்பர்மேல். பிறிதொரு சமயத்து நூலாயினும், நோயாளியைக் குற்றவாளியாக்கும் மனப்பான்மை மக்கட்குப் பொதுவென்பதையும், அஃது இறைவனுக்கு உவப்பன்றென்பதையும் அறிதற்கு அஃது உதவும்.

அற்றேல், உறவினால் தொற்றும் நோயாகலின் அஃது ஒழுக்கக்கேட்டுக்குச் சான்றன்றோ எனின், அன்று. மேற்கூறியவாறு இக்கிருமி மிகப் பரவலானது. பல்லாண்டு குறியின்றித் தங்குவது. கற்பிற் சிறிதும் வழுவாத மனைவிக்குக் கணவன்வழித் தொற்றலாம். அக்கணவனும் தான் அதனை உடையனென்பதை அறியாதிருக்கலாம். எக்காலத்து, எவர்வழி வந்ததென்று எப்பரிசோதனையும் காட்டாது. நோயின் தோற்றம் ஒருத்தியின் ஒழுக்கத்தைப்பற்றி யாதொரு செய்தியும் சொல்லுவதன்று. அன்றியும், கிருமியை ஆணும் சுமக்கின்றான், பெண்ணும் சுமக்கின்றாள். நோய் பெண்ணுக்கு வருகின்றது. பழியும் அவளுக்கே வருகின்றது. இது முறையோ என்று ஆடவராகிய நாம் நம் நெஞ்சையே வினவுதல் வேண்டும்.

இரண்டாம் கடா: சிகிச்சை வினைக்கு மாறோ?

வினைவழி வந்ததை அனுபவித்தே தீர்க்க வேண்டும். வைத்தியம் அதற்கு மாறு என்பாரும் உளர். பசி வினைவழி வருவதாயினும் அவர் உண்ணாதிருப்பதில்லை. மழை ஊழ்வழிப் பெய்வதாயினும் லயத்தின் கூரையை வேயாதிருப்பதில்லை. பிணி வந்த வழியிலேதான் வைத்தியனும் மருந்தும் அறுவைக் கருவியும் வந்துள்ளன. நோயைத் தந்தது ஊழெனின், நோயை வலியின்றிக் கண்டறியுமாறு மருத்துவமாதை வாயிலுக்கு அனுப்பியதும் ஊழேயன்றோ? முன்னையதை மாத்திரம் ஊழென்று போற்றிப் பின்னையதை மறுப்பது கொள்கையைப் பாதியிலே முறித்தலாகும்.

திருஞானசம்பந்த மூர்த்திகள் கொங்குநாட்டுத் திருக்கொடிமாடச் செங்குன்றூரில் எழுந்தருளியிருந்தபோது, உடனிருந்த அடியார்களைக் குளிர்சுரம் பற்றியது. பனிக்காலத்து அந்நாட்டின் இயல்பு அதுவென்று அடியார் விண்ணப்பிக்க, பிள்ளையார் அதனைப் பொறுத்திருமின் என்று கூறாது, திருநீலகண்டப் பதிகம் பாடி நோயை நீக்கியருளினார். வினையென்று சொல்லிக்கொண்டே உய்யும் வழியை நாடாதிருத்தல் குறைபாடென்பது அப்பதிகத்தின் தொடக்கத்துக் கருத்து. பதிகம் ஓதினாற் போதும், வைத்தியம் வேண்டாவெனின், வேளாண்மை செய்யாது பதிகம் ஓதி நெல்லை எதிர்பார்ப்பாரை நாம் யாண்டுங் காணோம். வழிபாடு நெஞ்சிற்கு உறுதி தரும். அவ்வுறுதியோடு வைத்தியசாலைக்குச் செல்லுதலே முறை. புள்ளிருக்குவேளூரில் இறைவன் வைத்தியநாதன் என்னும் பெயர் பூண்டிருத்தலை உணர்வோர் வைத்தியத்தை இறைபணிக்கு வேறென்று கருதார்.

நாணத்தாலும் மானத்தாலும் சிகிச்சையை மறுப்பாரும் உளர். ஆண் வைத்தியர் பார்ப்பதாயின் வரேன் என்று வீட்டிலிருந்துவிடுவர். ஏயர்கோன் கலிக்காம நாயனார் வரலாற்றை இவர்க்கு எடுத்துரைத்தல் தகும். அவர்க்குச் சூலை வந்தது; தீர்க்கவல்லார் சுந்தரமூர்த்திகள் ஒருவரே என்று இறைவன் உணர்த்தினார். சுந்தரர்மீது கொண்ட சினத்தால், அவர் வந்து தீர்ப்பதினும் உயிர்விடுதல் நன்றென்று நாயனார் உடைவாளால் தம் வயிற்றைக் கிழித்து மாண்டார். திருவருள் அவரை அந்நிலையிலேயே விட்டுவிடவில்லை. உயிர்ப்பித்து எழச்செய்து, சுந்தரர்க்கு நண்பராக்கியது. தீர்ப்பவர் இன்னார் என்னும் காரணத்தால் தீர்வையே வெறுத்தல் இறைவன் திருவுள்ளத்திற்கு ஏற்றதன்று என்பது இதனாற் பெறப்படும்.

அறுவைச் சிகிச்சையின் இயல்பையும் சிறிது அறிதல் நன்று. அறியாமையே அச்சத்திற்கு விளைநிலமாகலின். வியன்னா நகரத்து வெர்த்தைம் என்னும் மருத்துவர் 1898இல் இந்நோய்க்குரிய பேரறுவையைச் செய்து அதனை ஒரு முறையாக வகுத்தார். அந்நாளில் அஃது உயிருக்கு இடர் மிக்கதாயிருந்தது. மயக்க மருந்தும், இரத்தம் ஏற்றலும், கிருமிகொல் மருந்துகளும் வளர்ந்தபின் அவ்விடர் பெரிதும் குறைந்துவிட்டது. நோயின் படிக்கேற்பச் சிலர்க்குக் கருப்பை மாத்திரமும், சிலர்க்கு அதனைச் சூழ்ந்த தசையும் நிணநீர்க் கணுக்களும் உடன் எடுக்கப்படும். இளவயதினர்க்குச் சூலகங்களை எடாது விடுதலும் உண்டு. நோய் முற்றியவிடத்து அறுவையின்றிக் கதிர்ச்சிகிச்சையும் மருந்துமே ஏற்றனவென்று வைத்தியர் துணிவர். மகரகமவிலுள்ள அபேக்ஷா வைத்தியசாலை இத்தகைய சிகிச்சைகட்கு நாட்டிலே தலைமையானது. கத்தி பட்டால் நோய் பரவும் என்பது வீண்பேச்சு. தொடக்கநிலையிற் கண்டு தக்க சிகிச்சை பெற்றோருட் பதின்மரில் ஒன்பதின்மரளவினர் ஐந்தாண்டு கடந்தும் வாழ்கின்றனர். காலந்தாழ்க்குந்தோறும் அவ்வெண் குறைந்துகொண்டே போகும்.

மூன்றாம் கடா: கருப்பை நீங்கிற் பெண்மை நீங்குமோ?

இக்கடாவே அத்தாயின் உள்ளத்தை மிகவருத்தியது. விரைந்து விடைகூறி இதனைக் கடத்தல் அறமன்று. மகப்பேற்றை எதிர்நோக்கியிருந்த ஒருத்திக்கு இஃது உண்மையாகவே பேரிழப்பு. மக்களைப் பெற்று முடித்தவளுக்கும், அம்மக்கள் தங்கியிருந்த இடத்தை இழத்தல் துயரமே. உடம்பு பொய் என்னும் தத்துவத்தை அந்நேரத்தில் எடுத்துரைத்து அவள் அழுகையை அடக்க முயல்வது ஆறுதலன்று. நாவுக்கரசரும் நோவாற் புலம்பினார், அப்புலம்பலே தேவாரமாயிற்று. அழுதல் அன்பின்மையும் அன்று, நம்பிக்கையின்மையும் அன்று.

அழுகை தணிந்தபின் அவள் கடாவுக்கு விடை கூறுதல் கூடும். நம் சித்தாந்தத்தின்படி உடம்பு முப்பத்தாறு தத்துவங்களால் ஆயது. அவற்றுள் ஒன்றும் உயிரன்று. ஆண், பெண் என்னும் வேறுபாடு உடம்பைப் பற்றியது, உயிரைப் பற்றியதன்று. உறுப்பொன்று இல்லாமையால் உயிரின் மதிப்புக் குறையுமாயின், பிறவியிலே கண்ணில்லாத தண்டியடிகள் நாயன்மார் வரிசையில் இடம்பெற்றிரார். திருவாரூர்த் திருக்குளத்தைக் கயிறு பற்றி நடந்து தோண்டிய அப்பெரியாரைக் குறையுடையாரென்று எவர் கூறுவர்?

தாய்மையோ எனின், அதற்குக் காரைக்காலம்மையார் சான்று. அவ்வம்மையார் மணம்புரிந்து வாழ்ந்தும் மக்கட்பேறு பெற்றதாகப் புராணம் கூறிற்றிலது. கணவன் நீங்கியபின், அழகு தங்கிய தசையை உதறிப் பேயுருவை வேண்டிப் பெற்றார். உலகத்தார் பெண்மையென்று போற்றுவன எல்லாம் அவர் உடம்பினின்று நீங்கின. அவ்வுருவோடு கயிலையைத் தலையால் நடந்தேறிய காலத்து, தாயும் தந்தையும் இல்லாத இறைவன் அவரைத் தன் அம்மையென்று அழைத்தான். தாய்மை உறுப்பின்கண் இல்லை, அன்பின்கண் உளது என்பதற்கு இதனினும் பெரிய தீர்ப்பு நமக்கு வேண்டா.

ஆகவே, அத்தாய்க்குச் சொல்லற்பாலது இது: பிள்ளைகளைச் சுமந்த கருவி தன் பணியை முடித்துவிட்டது, இப்பொழுது அதனை இழத்தல், அப்பிள்ளைகளை வளர்க்கும் உயிரைக் காத்தற்பொருட்டு. மாதவிடாய் நிற்கும், மகப்பேறு இராது, உடல் ஆறியபின் இல்லற வாழ்வுக்குத் தடையில்லை. சிறுநீர் கழிப்பதில் சிலகாலம் இடர்ப்பாடும், சூலகமும் எடுக்கப்படின் மாதவிடாய் முற்றும் நின்றார்க்குரிய உடல்வெப்பும் வரக்கூடும். அவற்றுக்கு வைத்தியரிடம் வழியுண்டு. இவற்றைக் கணவனும் உடனிருந்து கேட்டல் வேண்டும். வாயிலில் அமர்ந்து மௌனமாயிருந்த கணவர் அன்பற்றவரல்லர்; எதைக் கேட்பதென்று அறியாதவர். அவர் மௌனத்தை மனைவி வெறுப்பென்று பொருள்கொண்டாள். கணவன் வாய்திறந்து, நீ எனக்கு வேண்டும் என்று சொல்லும் ஒரு சொல், பல நாள் உபதேசத்தினும் மிகுந்த பயன் தரும்.

மறைத்தலும் உரைத்தலும்

நோயின் பெயரை நோயாளிக்கு மறைத்து, கணவனுக்கோ மூத்த மகனுக்கோ மாத்திரம் உரைப்பது நம்மவருள் வழக்கமாயிருக்கின்றது. அன்பினாலன்றோ மறைக்கின்றோம், குற்றந்தீர்ந்த நன்மை பயப்பின் பொய்யும் வாய்மையின் இடத்ததென்று வள்ளுவரும் கூறினாரன்றோ எனின், அந்நன்மை குற்றந்தீர்ந்ததோ என்பதை முதலில் ஆராய்தல் வேண்டும். மறைப்பதனால் அவள் காலந்தாழ்ப்பாள். சிகிச்சையின் இன்றியமையாமை உணராது இடையில் நிறுத்துவாள். வீட்டார் முகங்களைப் பார்த்து உண்மையினும் கொடியதொன்றைக் கற்பனை செய்வாள். தன் அச்சத்தைப் பகிர்தற்கு ஒருவருமின்றித் தனித்து நிற்பாள். இத்துணைத் தீங்கு விளைக்கும் பொய் வள்ளுவர் விலக்கிய பொய்யே. உண்மையைச் சொல்லுதல் வேறு. உண்மையால் அடித்தல் வேறு. அவள் கேட்குமளவு, தாங்குமளவு, அவள் மொழியிலே சொல்லுதலே முறை.

அறுவைக்கு உடம்படுதலும் அவளுக்கே உரியது. உடம்பு அவளுக்கு அளிக்கப்பட்ட கருவி. கணவனுக்கோ மாமியார்க்கோ அளிக்கப்பட்டதன்று. 1951இல் அமெரிக்காவின் பால்ற்றிமோர் நகரத்து ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையில் ஹென்ரியெற்றா லாக்ஸ் என்னும் கறுப்பினத்துத் தாய் இந்நோயினால் 31ஆம் வயதில் இறந்தார். அவர்தம் புற்றிலிருந்து எடுத்த உயிரணுக்கள் அவரைக் கேளாமலே ஆராய்ச்சிக்குப் பயன்படுத்தப்பட்டன. அவை அழியாது பெருகி உலகெங்கும் மருத்துவ ஆராய்ச்சிக்கு உதவின. பிற்காலத்து ஆராய்ச்சியில் 18ஆம் எண் வகைக் கிருமியும் அவற்றுட் காணப்பட்டது. விளைந்த நன்மை பெரிது. எனினும் அவரை ஒரு சொற் கேட்டிருக்கலாமே என்னும் வினா இன்றும் தீராதிருக்கின்றது. எளியவரென்றும் எழுத்தறியாரென்றும் கருதி ஒருவரைக் கேளாது விடுதல், நன்மையைக்கூட மாசுபடுத்திவிடும் என்பதற்கு அஃது எடுத்துக்காட்டாம். நம் தோட்டத்துத் தாய், தனக்கு விளங்காத மொழியில் எழுதிய தாளிற் கையொப்பமிடும்போது இதனை நாம் நினைத்தல் வேண்டும்.

ஆசிரியர் கடமை

மருத்துவத்தை நோயாளி, வைத்தியன், மருந்து, உடனிருந்து பணிசெய்வோன் என நான்கு கூறாக வகுத்தார் வள்ளுவர். ஆசிரியராகிய நாம் வைத்தியரல்லேம்; நான்காம் கூற்றில் நமக்கு இடமுண்டு. எட்டியாந்தோட்டை, தெரணியகலை, இறக்குவானை, பலாங்கொடை முதலிய பகுதிகளின் தோட்டங்களிலே சிங்களமும் தமிழும் வாசிக்கவறிந்தவராய்ப் பெற்றோர் மதிப்பவர் பலவிடத்தும் ஆசிரியரே. வைத்தியசாலைத் தாளை வாசித்துப் பொருள் சொல்லுதலும், வேண்டுமாயின் உடன்சென்று வைத்தியர் மொழியை அவளுக்கும் அவள் வினாவை வைத்தியர்க்கும் உரைத்தலும் நம்மாற் கூடும். ஆசிரியைமார் இதனைச் செய்வது இன்னும் நன்று. அங்ஙனம் அறிந்ததைப் பிறரிடம் உரையாது காத்தல் அதனினும் பெரிய கடமை.

இனி, தாய் வைத்தியசாலையிலிருக்குங்காலத்துப் பிள்ளை வகுப்பிற்குத் தாழ்த்து வருவான், பாடம் எழுதியிரான், மேசைமேற் சாய்ந்து உறங்குவான். காரணம் வினவாது தண்டிப்பது கொடுமை. மூத்த பெண்பிள்ளையாயின் பள்ளியையே விட்டுச் சமையற்பொறுப்பை ஏற்கும்படி நேரும். அயலாரைக் கூட்டி அவ்வீட்டிற்குச் சில கிழமை உணவுதவ ஏற்பாடு செய்தால் அப்பிள்ளையின் கல்வி தப்பும். அறுவைக்குப்பின் ஆறு கிழமையளவேனும் பாரஞ் சுமத்தலாகாது. கொழுந்துக் கூடையும் பால் வாளியும் தூக்குதல் கேடு. எத்துணைக் காலம் ஓய்வு வேண்டுமென்று வைத்தியரிடம் எழுத்துப் பெற்றுத் தோட்டத்தாரிடம் கொடுக்கும்படி அறிவுறுத்தல் நம் பணியாகும்.

கோயிலையும் மறத்தலாகாது. கருப்பை நீங்கியவளைக் குறையுடையாளென்று மணவினை முதலிய மங்கலக் காரியங்களில் ஒதுக்கும் வழக்கம் எவ்விடத்தேனும் தலைகாட்டின், அதற்கு ஆகமத்தில் ஆதாரமில்லையென்று வெளிப்படையாகக் கண்டித்தல் வேண்டும். மாரியம்மன் திருவிழாவிற் பாற்குடத்தை அவள் சுமக்க இயலாதிருக்கலாம். அவ்வரிசையில் அவளுக்குரிய இடம் அவளுக்கு இருத்தல் வேண்டும்.

எல்லாவற்றினும் மேலாக, இந்நோய் நம் மாணவியரை அணுகாமற் காக்கும் வழி நம் பள்ளியினுள்ளேயே உளது. 2017 முதல் ஆறாந் தரத்துப் பெண்பிள்ளைகட்கு எச்.பி.வி. தடுப்பூசி பாடசாலைகளிலே கட்டணமின்றிப் போடப்பட்டு வருகின்றது. அது மலடாக்கும் என்னும் பேச்சுப் பரவுமிடத்தே பெற்றோர் இசைவுத்தாளைத் திருப்பியனுப்பிவிடுவர். அது மலடாக்குவதன்று, பிற்காலத்துக் கருப்பையைக் காப்பது என்று பெற்றோரைக் கூட்டி விளக்குதல் நம்மால் எளிதில் முடிவது. 35, 45 வயதுடைய தாய்மாரைக் கிளினிக்கிற்கு அனுப்புதலும் அவ்வாறே. தமிழ்நாட்டுத் திண்டுக்கல் மாவட்டத்திலே 30 முதல் 59 வரை வயதுள்ள சிற்றூர்ப் பெண்களிடத்து, விலைமலிந்த எளிய முறையால் ஒருமுறை பரிசோதித்ததன் பயனை 2007இல் வெளியிட்டனர். பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட ஊர்களில் இந்நோய் 25 விழுக்காடும், இதனாலாகும் இறப்பு 35 விழுக்காடும் குறைந்திருந்தன. அவர்களும் நம் தாய்மாரைப்போல வயலிலும் கூலிவேலையிலும் உழைக்கும் தமிழ்ப் பெண்களே. சிறுமியர்க்குத் தடுப்பூசி, தாய்மார்க்குப் பரிசோதனை, நோயுற்றார்க்குச் சிகிச்சை என்னும் மூன்றினாலும் இந்நோயை உலகினின்றே அகற்றலாமென்று உலக சுகாதார நிறுவனமும் 2020இல் இலக்கு வகுத்துள்ளது.

துயரம் பணியாக மாறியதற்கு நம்மினத்திலேயே சான்றுண்டு. புதுக்கோட்டையிற் பிறந்த மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டியார் தம் தங்கையார் புற்றுநோயால் மாய்ந்ததைக் கண்டார். அதனை வினையென்று சொல்லி அமைந்திராது, பல்லாண்டு முயன்று 1954இல் சென்னை அடையாற்றிற் புற்றுநோய் மருத்துவமனையைத் தோற்றுவித்தார். 1955இல் அங்கு வந்து சேர்ந்த மருத்துவர் சாந்தா அம்மையார் 2021இல் மறையும்வரை அதற்கே தம் வாழ்நாளை அளித்தார்.

ஆசிரியப் பெருமக்காள்! வினைக்கொள்கை நமக்கு நாமே அடக்கங் கற்றற்கும், பிறர் துன்பத்திற்கு இரங்குதற்கும் அருளப்பட்டது. பிறர்மேல் எறிதற்கு அன்று. நோயுற்ற தாயொருத்தி நம்மை நோக்கி, நான் என்ன பாவஞ் செய்தேன் என்று வினவுவாளாயின், அறியேன் என்பதே நாம் கூறத்தக்க மெய்யான விடை. அதனைக் கூறி அமையாது, எந்நாள் வைத்தியசாலைக்குப் போகவேண்டும், யார் உடன் வருவார், பிள்ளைகளை யார் பார்ப்பார் என்று அடுத்த வினாவை நாம் கேட்போமாக. அன்பே சிவமென்று கற்பிக்கும் நாம் அதனைச் செயலிற் காட்டும் இடம் அதுவாகும். திருவருள் துணைநிற்க.